ஓதம் ஏறும் தூரம்: பாஸ்டனிலிருந்து சவானா வரை 12 நாள்

நாள் 1: பாஸ்டன்

இந்தப் பாதையில் கிளம்புமுன் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஓத அட்டவணை. கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வடிகிறதே, அதுதான் ஓதம். சென்னையில் அது சுமார் 3 அடி. பாஸ்டனில் ஏறத்தாழ 10 அடி. காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் சேறு தெரியும்.

1607-இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கி 1733-இல் சவானாவரை அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஆங்கிலேயக் குடியேற்றங்கள் வரிசையாக முளைத்தன. ஒரே அரசு, ஒரே சட்ட மரபு. ஆனாலும் ஓரிடத்தில் நெருக்கமான ஊரும் பள்ளிக்கூடமும், இன்னோரிடத்தில் ஊரே இல்லாமல் தோட்டம் தோட்டமாகச் சிதறிய வாழ்க்கை, மற்றோரிடத்தில் அடிமைப்படுத்தப்பட்டவர்களே பெரும்பான்மையான நெல் நாடு. மதமும் பட்டயமும் வந்த ஆட்களும் காரணம்தான். ஆனால் போகிற ஊரிலெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ஓதம் இந்த ஆற்றில் எவ்வளவு தூரம் ஏறுகிறது, ஏறி வரும் தண்ணீர் உப்பா, நன்னீரா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பாஸ்டனின் தொடக்கமே தண்ணீர்தான். 1630-இல் ஜான் வின்த்ரோப்பின் கூட்டம் முதலில் தங்கியது ஆற்றுக்கு அக்கரையில், சார்லஸ்டவுனில். அங்கே நல்ல குடிநீர் போதவில்லை. எதிர்க்கரையில் ஷாமட் என்ற தீபகற்பத்தில் ஊற்று இருந்தது, அங்கே மாறினார்கள். பழைய பாஸ்டன் ஏறக்குறைய ஒரு தீவு. நிலத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது ஒடுக்கமான ஒரு மண்கழுத்து மட்டுமே. இன்றைய வாஷிங்டன் தெருவில் தெற்கே நடந்தால் அந்தக் கழுத்தின்மேல்தான் நடக்கிறோம். இருபுறமும் இருந்த சேற்றுக்கழியை 19-ஆம் நூற்றாண்டில் தூர்த்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. பழைய வரைபடம் ஒன்று கையில் இல்லாமல் இந்த நடை வீண்.

ஊரைச் சுற்றிய குன்றுகளும் துறைமுகத் தீவுகளும் பனியாறு குவித்துவிட்டுப் போன மண்மேடுகள். அதே பனியாறு வயலெங்கும் கல்லை இறைத்துவிட்டது. குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும்போது அடியிலிருக்கும் கல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அதனால் ஒரு தடவை பொறுக்கினால் தீராது, ஆண்டுக்காண்டு பொறுக்க வேண்டும். நியூ இங்கிலாந்து என்ற இந்த வடகிழக்குப் பகுதியின் கல்வேலிகள் வேலி வேண்டுமென்று மட்டும் கட்டியவை அல்ல, கல்லைப் போட இடம் வேண்டுமென்றும் கட்டியவை.

நாள் 2: நியூபரி, இப்ஸ்விச், குளோஸ்டர்

வடக்கே சுமார் 35 மைல். இங்கே கேப் ஆனிலிருந்து நியூ ஹாம்ப்ஷையர் வரை உப்புச் சதுப்பு விரிந்து கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கார் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். 1630-களில் மாட்டோடு வந்து இறங்கியவர்களுக்கு இது புதையல். சுற்றிலும் காடு, மரம் வெட்டி, வேர் பறித்து மேய்ச்சல் நிலமாக்க ஆண்டுகள் ஆகும். இங்கேயோ புல் தயாராக நிற்கிறது, காசில்லாமல், உழாமல். கரையோர ஊர்கள் பல இந்தச் சதுப்பை ஒட்டியே அமைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

சதுப்பில் இரண்டு புல். வாய்க்கால் ஓரம் தினமும் முழுகுகிற இடத்தில் முரட்டுப் புல். கூரை வேயத்தான் ஆகும். மேட்டில் மெல்லிய புல், சுழிசுழியாகப் படுத்துக் கிடக்கும். மாட்டுத் தீவனம் இதுதான். மேட்டுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில்தான் தண்ணீர் ஏறும். ஆக, கோடைக் கடைசியில், இரண்டு பெரிய ஓதங்களுக்கு நடுவிலுள்ள நாட்களில் அறுத்து, காயவைத்து, போர் போட்டுவிட வேண்டும். போரை நேரே தரையில் போட்டால் அடுத்த பௌர்ணமியில் மிதந்து போகும். அதனால் முட்டளவு உயர மரக்குச்சிகளைக் கும்பலாக நட்டு அதன்மேல் போர் வைத்தார்கள். அந்தக் குச்சிக் கும்பல்கள் இன்றும் நியூபரிப் பக்கம் நிற்கின்றன. போரை உடனே வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள்; சதுப்பு உறைந்து கெட்டியானபின் பனியில் சறுக்குவண்டியில் இழுப்பார்கள். குதிரை புதையாமலிருக்கக் குளம்பில் அகலமான மரச்செருப்பு கட்டுவதும் உண்டு. புல் சரியாகக் காயாமல் போரானால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். புயல் ஓதம் வந்தால் குச்சியோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

போகிறவர்களுக்கு ஒன்று: ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பச்சைக்கண் ஈ கடிக்கும். கடி சாதாரணமல்ல. செப்டம்பர் நல்லது, புல்லும் அப்போதுதான் பொன்னிறம்.

மாலையில் குளோஸ்டர். 1623-இலேயே மீனுக்காக ஆள் வந்த இடம். கடலடி மேடுகள் ஆழமில்லாதவை. குளிர்நீரும் வெதுவெதுப்பான நீரும் கலக்கும் இடம். காட் மீன் கொழித்தது. பிடிப்பது பாதி வேலை, மீதி கரையில். தலையை வெட்டு, வயிற்றைக் கீறு, ஈரலைத் தனியே பீப்பாயில் போடு (எண்ணெய்க்கு), முதுகெலும்பின் மேல்பகுதியை எடுத்து மீனைத் தட்டையாக விரி, உப்பில் அடுக்கு, சில நாள் கழித்து அலசி, இடுப்பளவு உயரத்தில் குச்சிப் பந்தல் போட்டு அதன்மேல் காயவை. கீழேயும் காற்று போக வேண்டும், அதற்குத்தான் பந்தல். மழையோ இரவோ வந்தால் தோல் மேலே இருக்கும்படி கவிழ்க்க வேண்டும். வெயில் அதிகமானால் சதை வெந்து பிளக்கும், உப்பு கூடினால் எரிந்துபோகும், ஈரம் தங்கினால் சிவப்பேறும். நம்மூர்க் கருவாட்டுக்காரர்களுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. உடைந்தது, கெட்டது எல்லாம் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளின் உணவாயிற்று. நியூ இங்கிலாந்து தன்னை அடிமை முறையிலிருந்து விலகி நின்ற நாடாக நினைத்துக்கொள்ளும்போது இந்தக் கழிவுமீனை நினைவுபடுத்துவது நல்லது.

நாள் 3: சாகஸ்

பாஸ்டனுக்கு 10 மைல் வடக்கே, 1646-இல் உலை மூட்டிய இரும்பாலை. இப்போதிருப்பது அகழ்வாய்வின் துணையோடு மறுபடி கட்டியது. நீர்ச்சக்கரங்களை ஓட்டிக் காட்டுவார்கள். பருவகாலத்தில் மட்டுமே திறப்பு, போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதை நின்ற இடத்திலேயே எண்ணிவிடலாம். சாகஸ் ஆற்றில் ஓதம் இதுவரை ஏறுகிறது, எனவே படகு உலை வாசலுக்கே வரும். அதற்கு மேலே ஆறு சரிகிறது, எனவே அணை கட்டிச் சக்கரம் சுற்றலாம். சதுப்பில் இரும்புத்தாது படிந்திருக்கிறது. தோண்ட மண்வெட்டி போதும். காட்டில் கரிக்கு மரம். குறைந்தது ஒன்றுதான்: கசடு பிரிக்கச் சுண்ணாம்புக் கல் இல்லை. பக்கத்து நஹாண்ட் முனையிலிருந்து கப்ரோ என்ற கரும்பாறையைக் கொண்டுவந்து அந்த வேலையை முடித்தார்கள்.

தாது, கரி, பாறை மூன்றையும் உலையின் தலையில் கொட்டுவார்கள். அடியில் சக்கரம் இயக்கும் துருத்தி. உருகிய இரும்பு மணல் வாய்க்காலில் ஓடி உறையும். அந்த வார்ப்பிரும்பு உடையக்கூடியது. பட்டறையில் மறுபடி காய்ச்சி, பெரிய சம்மட்டியால் அடித்துத் தேனிரும்பாக்கி, பிறகு தகடாக்கிக் கம்பியாகக் கிழிப்பார்கள். ஆணிக்கு அந்தக் கம்பிதான். 1650-இல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளும் இங்கே வேலைக்கு வந்தார்கள். தொழில் நுட்பத்தில் குறையில்லை. கூலியும் கரிச்செலவும் வழக்குகளும் சேர்ந்து 1670 வாக்கில் உலையை அணைத்துவிட்டன.

நாள் 4: கனெக்டிகட் பள்ளத்தாக்கு

மேற்கே 100 மைல் ஓட்டினால் மண் மாறுகிறது. கல் இல்லை. பனியாறு உருகியபோது இங்கே நீண்ட ஏரி ஒன்று நின்றது. அது வடிந்தபின் மிஞ்சியது மெல்லிய வண்டல். 1630-களின் நடுவில் வின்ட்சர், வெதர்ஸ்பீல்ட், ஹார்ட்பர்ட் மூன்றும் அடுத்தடுத்து உருவானதற்கு மதச் சச்சரவைக் காரணமாகச் சொல்வார்கள். மாட்டுக்குப் புல்லும் காரணம் என்று அவர்களே அப்போது சொன்னார்கள். வெதர்ஸ்பீல்டின் சிவப்பு வெங்காயம் சரம் சரமாகக் கட்டப்பட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறியது.

என்பீல்டில் ஆறு பாறைமேல் சலசலக்கிறது. கடல் கப்பல் அதற்குமேல் போகாது. 1636-இல் மேலே ஸ்பிரிங்பீல்டை நிறுவி பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலை வாங்கிய வில்லியம் பிஞ்சன், அருவிக்குக் கீழே ஒரு கிடங்கு போட்டார். அந்த இடத்தின் பெயர் இன்றைக்கும் ‘கிடங்கு முனை’தான். கப்பல் நிற்கும் இடமும் சரக்கு இறங்கும் இடமும் ஒன்று. இதை மனதில் வையுங்கள், தெற்கே போகப் போக இது பெரிதாகும்.

நாள் 5: நியூ ஹேவன், நியூ யார்க்

நியூ ஹேவனை 1638-இல் 9 சதுரமாக அளந்து, பெரிய வணிக நகரம் வருமென்று எதிர்பார்த்தார்கள். துறைமுகம் ஆழமில்லை, கரையோரம் சேறு, பின்னால் பெரிய ஆறு கிடையாது. வணிகம் பாஸ்டனுக்கும் நியூ யார்க்குக்கும் போயிற்று. நகரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது கல்லூரி. அதில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பு. பாஸ்டனில் 1649-இல் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1718-இல் அவர் அனுப்பிய 9 மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், அரசரின் படம் ஒன்று. சரக்கு விற்றது சுமார் 562 பவுண்டுக்கு. கல்லூரிக்கு அவர் பெயர். அந்தச் செல்வம் எங்கே, எப்படிச் சேர்ந்தது என்பது கோட்டை வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய மகன் டேவிட்டின் கல்லறை சென்னையின் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

ஹட்சன் ஆற்றை ஒரு மாலையில் கடந்து போவது அநியாயம்தான். ஓதம் கடலிலிருந்து 150 மைல், ஆல்பனியையும் தாண்டி ஏறுகிறது. ‘இருபுறமும் ஓடும் ஆறு’ என்ற பொருளில் மோஹிக்கன் மக்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். டச்சுக்காரர்கள் 1624-இல் ஆல்பனியில் கோட்டை போட்டுத் தோல் வாங்கியதும், 1664-இல் ஆங்கிலேயர் நியூ யார்க்கைப் பிடித்ததும் இந்த நீர்வழிக்காகவே. கரையோர நிலம் சில குடும்பங்களின் கையில் பெரும் பண்ணைகளாக இருந்ததால், குத்தகைக்கு உழ விரும்பாத உழவர்கள் பென்சில்வேனியாவுக்குப் போனார்கள். நாமும் போகலாம்.

நாள் 6: பிலடெல்பியா

இரண்டு ஆறுகளுக்கு நடுவே, டெலவேரிலிருந்து ஸ்கூல்கில் வரை, தாமஸ் ஹோம் வரைந்த கட்டம் கட்டமான நகரம். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1681-இல் அரசரிடம் பட்டயம் பெற்று 1682-இல் வந்தார். கடலிலிருந்து சுமார் 100 மைல் உள்ளே. ஆனாலும் கடல் கப்பல் கரையோரம் நிற்கிறது. இன்னும் 30 மைல் மேலே டிரென்டனில் அருவி. ஓதம் அங்கே நின்றுவிடும். பென்னின் திட்டத்தில் வீட்டுக்கு வீடு தோட்டம், ஊர் முழுக்க இரண்டு ஆற்றுக்கும் நடுவில் பரவ வேண்டும். மக்களோ டெலவேர்க் கரையை விட்டு நகரவில்லை. படகுத்துறை இருக்கும் பக்கம்தான் மனை விலை. கட்டத்தின் நடுவில் சந்து வெட்டி நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். எல்ஃப்ரெத் சந்தில் நின்றால் கைநீட்டினால் எதிர்வீடு.

நாள் 7: லங்காஸ்டர், பிராண்டிவைன்

மேற்கே 70 மைலில் சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த செழுமண். ஜெர்மானிய உழவர்கள் கறுப்பு வால்நட் மரம் நிற்கும் இடத்தை நல்ல நிலமென்று தேடிப் பிடித்தார்கள் என்பார்கள். கோதுமை, ரை தானியம், பன்றி, தொழுவம். நடுத்தரக் குடும்பப் பண்ணை. ஒரே பயிரை நம்பியவர்கள் அல்ல.

இவர்களுக்குக் கஷ்டம் ஒன்று. சஸ்குவெஹானா ஆறு அகலம், ஆனால் பாறையும் ஆழமின்மையும். கப்பலேறாது. எனவே பிலடெல்பியாவுக்குச் சாலை வழிதான். அதற்குப் பிறந்தது கோனஸ்டோகா வண்டி. லேண்டிஸ் வேலி அருங்காட்சியகத்தில் கிட்டத்தில் நின்று பாருங்கள்: அடித்தட்டு நடுவில் தாழ்ந்து இரு முனையும் உயர்ந்திருக்கும். மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டை முன்னும் பின்னும் சரியாமலிருக்கத்தான் அந்த வளைவு. 4 முதல் 6 குதிரை. ஓட்டுபவர் உள்ளே உட்காருவதில்லை. இடப்பக்கம் நடப்பார், அல்லது இடப்பக்கக் குதிரைமேல். சுமை அதிகம், சாலை மோசம். அச்சு முறிவதும் சக்கரப்பட்டை கழல்வதும் அன்றாடம். தூரத்து உழவர்கள் தானியத்தைச் சாராயமாக்கினார்கள். அதே விலைக்கு எடை குறைவு.

திரும்பும் வழியில் பிராண்டிவைன். மேலே சரிந்து வரும் ஓடை டெலவேர் மாநில வில்மிங்டனில் ஓதத்தைத் தொடுகிறது. ஒருபக்கம் மாவாலைச் சக்கரம், மறுபக்கம் படகு. சாகஸில் பார்த்த அதே சேர்க்கை, இங்கே சுற்றிலும் கோதுமையோடு.

நாள் 8: ஜேம்ஸ்டவுன்

தெற்கே வர்ஜீனியாவுக்கு நீண்ட ஓட்டம். இரண்டு இடங்கள் உண்டு, குழம்பாதீர்கள்: ஒன்று உண்மையான தீவும் அகழ்வாய்வும், மற்றது பக்கத்தில் மாதிரிக் கோட்டையும் கப்பலும் கட்டிவைத்த அருங்காட்சியகம். குழந்தைகளோடு வந்தால் இரண்டாவது, நேரம் குறைவென்றால் முதலாவது மட்டும். ஆற்றில் கரைந்துபோனதாக நம்பப்பட்ட கோட்டையின் தடம் 1994-இல் தொடங்கிய தோண்டலில்தான் கிடைத்தது.

1607 மே மாதம் 104 ஆண்களும் சிறுவர்களும் இறங்கினார்கள். கப்பலை மரத்திலேயே கட்டுமளவு கரையோரம் ஆழம்; ஸ்பானியக் கப்பல் கண்ணில் படாத உட்பகுதி; நிலத்தோடு ஒட்டியது ஒரு கழுத்து மட்டும், காவல் எளிது. அந்தப் பகுதியின் பழங்குடித் தலைவர் போஹாட்டனின் மக்கள் அங்கே குடியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். ஆற்றின் உப்புநீரும் நன்னீரும் சந்திக்கும் எல்லை கோடையில் இந்தத் தீவைச் சுற்றித்தான் ஆடுகிறது. கழிவு கடலுக்கும் போகாமல் மேலேயும் போகாமல் ஓதத்தோடு முன்னும் பின்னும் அலையும். அங்கிருந்த ஜார்ஜ் பெர்சி, ஏற்றத்தில் தண்ணீர் கடும் உப்பு, வற்றத்தில் சேறும் அழுக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். 1608 ஜனவரியில் உயிரோடிருந்தவர்கள் 38 பேர். மர வளையங்களை ஆராய்ந்ததில், 1606 முதல் 1612 வரை அங்கே கடும் வறட்சி என்று தெரியவந்தது. ஆற்றில் நன்னீர் குறைந்தால் உப்பு எல்லை மேலே நகரும். மக்காச்சோளமும் விளையாது; அதைக் கேட்டு மிரட்டினால் பக்கத்து ஊர்களோடு சண்டையும் வரும்.

தண்ணீரும் கொசுவும் விரட்டி, 1699-இல் தலைநகரம் இரண்டு ஆற்றுக்கும் நடுவிலுள்ள மேட்டுக்கு, வில்லியம்ஸ்பர்க்குக்கு மாறியது.

நாள் 9: ஜேம்ஸ் ஆற்றின் இரு கரை

ஜேம்ஸ்டவுனிலிருந்து ஸ்காட்லாந்து என்ற ஊருக்குக் காரோடு ஏற்றும் படகு இலவசம், இரவும் பகலும் ஓடும். நடு ஆற்றில் நின்று பார்த்தால் செசபீக் விரிகுடா முழுவதும் புரிந்துவிடும். கடல் மட்டம் உயர்ந்து முழுகிய ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. சுமார் 200 மைல் நீளம். ஜேம்ஸ், யார்க், ராப்பஹானக், பொட்டோமாக் என்று விரல் விரலாக உள்ளே போகிறது. கப்பல் எந்த விரலிலும் ஏறும். எனவே துறைமுகம் என்று ஓர் ஊர் தேவையே இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் சொந்தப் படகுத்துறை. லண்டன் கப்பல் வாசலுக்கு வந்து புகையிலையை ஏற்றி, துணியும் சாமானும் இறக்கிவிட்டுப் போகும். கடைத்தெரு எதற்கு? 1680, 1691, 1705 ஆண்டுகளில் ஊர் உண்டாக்கச் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். ஊர் வரவில்லை. கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றம் நாற்சந்தியில் தனியே நின்றது. ஒரு தேவாலயத்தின் பங்கு எல்லை அவ்வளவு பெரிது, ஞாயிறு வழிபாட்டுக்கே பாதி நாள் பயணம். பிள்ளைகளை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆள் கூட்டம் எங்கே? மாசசூசெட்ஸ் 1647-இலேயே 50 வீடு உள்ள ஊருக்கு ஒரு ஆசிரியர் என்று சட்டம் போட முடிந்தது, அங்கே 50 வீடு ஓரிடத்தில் இருந்ததால்.

புகையிலை எப்படி நிலத்தைத் தின்றது என்று தெரிய அதன் வேலை வரிசை தெரிய வேண்டும். ஜான் ரோல்ஃப் 1612 வாக்கில் மேற்கிந்திய விதையைப் போட்டுப் பார்த்தார். குளிர்காலக் கடைசியில், எரித்த சாம்பல் கலந்த நாற்றங்காலில் விதைப்பு. மே மாத மழை ஈரத்தில் 3, 4 அடி இடைவெளியில் மண்குவித்து நடவு. செடி வளர்ந்ததும் முனை கிள்ள வேண்டும், இல்லையென்றால் சத்து பூவுக்குப் போகும். கிள்ளியதும் கணுவில் பக்கக் கிளை வெடிக்கும். அதையும் ஒடிக்க வேண்டும். பச்சைப்புழுவை இலை இலையாகப் பார்த்துக் கையால் நசுக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் செடியோடு வெட்டி, கொட்டகையில் கழியில் தொங்கவிட்டு 5, 6 வாரம். இறக்குவதற்குப் பதம் முக்கியம்: வறண்ட நாளில் தொட்டால் பொடியும், ஈரம் மிகுந்த நாளில் பீப்பாய்க்குள் பூசணம் பிடித்து அழுகும். தோல்போல வளைய வேண்டும், உடையக் கூடாது. பிறகு நெம்புகோலால் அழுத்தி, 4 அடி உயரப் பீப்பாயில் ஏறத்தாழ 1000 பவுண்டு அடைப்பார்கள். உள்நாட்டுத் தோட்டங்கள் பீப்பாயையே அச்சு செருகி உருட்டிக்கொண்டு வந்தன. அந்த உருட்டுப் பாதைகள் சில இன்றைய சாலைகள்.

ஓர் ஆள் 2, 3 ஏக்கர்தான் பார்க்க முடியும். அந்த நிலமோ 3, 4 விளைச்சலில் சோர்ந்துவிடும். பிறகு சில ஆண்டு மக்காச்சோளம், பிறகு 20 ஆண்டு தரிசு. உழுவது 3 ஏக்கர் என்றால் கையில் வைத்திருக்க வேண்டியது அதைப்போலப் பல மடங்கு. வீடுகள் சிதறியதும், அமெரிக்கப் பழங்குடியினர் நிலத்தில் ஓயாமல் நுழைந்ததும் இந்தக் கணக்கால். 1618 முதல் ஆள் ஒருவரைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் என்ற விதி வேறு. முதலில் ஒப்பந்தக் கூலிகள். 1619-இல் பாயின்ட் கம்ஃபர்ட்டில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள். நூற்றாண்டு முடிவில் தோட்டங்கள் அடிமை உழைப்புக்கு மாறிவிட்டன.

மாலையில் 50 மைல் மேலே ரிச்மண்ட். ஜேம்ஸ் இங்கே 7 மைலில் சுமார் 100 அடி இறங்குகிறது. உள்நாட்டுக் கடும்பாறை முடிந்து கடலோர மண் தொடங்கும் கோடு. ஓதமும் இங்கே நின்றுவிடும், கப்பலும். 1737-இல் இங்கே ஊர் அளந்தார்கள். டிரென்டன், வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன், பிரடெரிக்ஸ்பர்க், ரிச்மண்ட் எல்லாம் ஒரே கோட்டில்; 95-ஆம் நெடுஞ்சாலை ஏறக்குறைய அதன்மேலேயே ஓடுகிறது. ஊர் வேண்டாமென்றிருந்த வர்ஜீனியாவிலும் கப்பல் நிற்கும் இடத்தில் ஊர் வந்தே தீர்ந்தது.

நாள் 10: வில்மிங்டன், வட கரோலைனா

250 மைல். வட கரோலைனாவின் கரைக்கு முன்னால் மணல்திட்டு வேலிபோல நீள்கிறது; பெரிய கப்பல் உள்ளே வர வழி அரிது. கேப் ஃபியர் ஆறு மட்டும் நேரே கடலில் விழுகிறது. பின்னால் மணற்பாங்கான நிலத்தில் நீண்ட ஊசியிலைப் பைன். பயிருக்கு ஏழை மண், கப்பல் கயிற்றில் பூசும் பைன் தாருக்குப் பணக்கார மண். ஸ்வீடன் தார் விலையை ஏற்றியதால் 1705-இல் பிரிட்டன் குடியேற்றத் தாருக்கு ஊக்கத்தொகை அறிவித்தது.

சூளை இப்படி: களிமண் தளம், நடுவை நோக்கிச் சரிவு, நடுவிலிருந்து வெளிக்குழிவரை மரக்குழாய். விழுந்து காய்ந்து பிசின் ஏறிய கட்டையைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, உள்முனை தாழ அடுக்கி, பைன் இலையும் மண்ணும் மூடி, மேலே தீ வைப்பார்கள். காற்றுத் துளையைக் குத்தியும் அடைத்தும் தீயைக் கீழ்நோக்கி மெல்ல இறக்க வேண்டும். தீ எரிந்தால் தார் இல்லை, புகைந்தால்தான் தார். உள்ளே வாயு தேங்கினால் சூளை வெடிக்கும். பல நாள் இரவும் பகலும் காவல். ஸ்வீடனில் நிற்கும் மரத்தைப் பதப்படுத்திச் செய்தார்கள். இங்கே செத்த கட்டை, அவசரத் தீ. கரோலைனாத் தார் கயிற்றை எரிக்கிறது என்று பிரிட்டிஷ் கடற்படை சலிக்காமல் குறைசொன்னது.

நாள் 11: ஜார்ஜ்டவுன், தென் கரோலைனா

வாக்கமா, பீ டீ, பிளாக், சாம்பிட் என நான்கு ஆறுகள் சேரும் வின்யா விரிகுடா. பழைய சந்தைக் கட்டடத்திலுள்ள நெல் அருங்காட்சியகத்தில் மதகு மாதிரி இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போனால் வரப்பும் வாய்க்காலும் கண்ணுக்குத் தானே பிடிபடும்.

கரோலைனாவில் நெல் 1690-களில் வேரூன்றியது. முதலில் உள்நாட்டுச் சதுப்பில், மேலே ஏரி கட்டி. வறட்சியில் தண்ணீர் இல்லை, வெள்ளத்தில் கரை உடைந்தது. 18-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து ஓத நெல். தந்திரம் இதுதான்: நன்னீர் எடை குறைவு, கடல்நீர் கனம். ஓதம் ஏறும்போது உப்புநீர் ஆப்புபோல அடியில் நுழைந்து, ஆற்றின் நன்னீரை மேலே தூக்கும். தூக்கிய நன்னீரை வயலில் விட்டுக்கொண்டால் ஏற்றமும் வேண்டாம் இறைப்பும் வேண்டாம். ஆனால் எல்லா இடத்திலும் முடியாது. கடலுக்குக் கிட்டே என்றால் உப்பு. மிக உள்ளே என்றால் ஓதத்துக்கு உயரம் போதாது. நடுவில் சில மைல்கள் மட்டுமே. அந்தச் சில மைல் நிலம்தான் 13 குடியேற்றங்களிலேயே மிகப் பெரிய செல்வர்களில் பலரை உண்டாக்கியது.

மதகு முதலில் குடைந்த சைப்ரஸ் மரம், ஒரு முனையில் அடைப்பு. பிறகு பலகைப் பெட்டி, வரப்பின் அடியில் குறுக்கே. ஆற்றுப்பக்கம் ஒரு கதவு, வயல்பக்கம் ஒரு கதவு, இரண்டும் மேலிருந்து தொங்குபவை, ஏற்றி இறக்கலாம். தண்ணீர் வைக்க: ஆற்றுக்கதவை உயர்த்து, வயல்கதவைத் தொங்கவிடு. ஓதம் ஏறும்போது தண்ணீர் வயல்கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வரும். வடியும்போது வயல்நீரே அதைச் சாத்திக்கொள்ளும். வடிக்க: வயல்கதவை உயர்த்து, ஆற்றுக்கதவைத் தொங்கவிடு. ஆள் இல்லாமல் ஓதமே மடை பார்க்கும்.

ஏப்ரலில் விதைப்பு, உடனே முளைத்தண்ணீர், முளை கண்டதும் வடிப்பு. பிறகு நீண்ட தண்ணீர், சுமார் 3 வாரம்: முதலில் செடி முழுக, புழு சாகும், குப்பை மிதக்கும், பிறகு மட்டம் தாழும். மறுபடி வடித்து மண்வெட்டிக் களையெடுப்பு. கடைசியில் கதிர் முற்றும்வரை தண்ணீர்; தாளைத் தாங்குவதும் அதுதான். மே மாதம் விதைக்க மாட்டார்கள். வடக்கே போகும் நெற்குருவிக் கூட்டம் அப்போது இறங்கும். செப்டம்பரில் திரும்பி வரும், அதற்குள் அறுத்துவிடப் பார்ப்பார்கள்.

கெடுவது பல வழியில். நண்டும் எலியும் வரப்பைத் துளைக்கும். பெட்டிக்கு அடியில் நீர் அரித்தால் மதகே பிய்த்துக்கொள்ளும். மேல்நாட்டு வெள்ளம் வரப்பைத் தாண்டும். கோடையில் ஆறு இளைத்தால் உப்பு மேலேறும். அதை அறியாமல் கதவைத் திறந்தால் ஒரே ஓதத்தில் பயிர் போச்சு. புயல் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாள் 12: சார்லஸ்டன், சவானா

மடை தெரிந்தவர்கள், சைப்ரஸ் காட்டை வெட்டியவர்கள், மைல் மைலாக வரப்புப் போட்டவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். மேற்கு ஆப்பிரிக்க நெற்கரையிலிருந்து வந்தவர்கள் பலர். அங்கே உப்புக்கழியை அடைத்து நெல் விளைத்த மரபு உண்டு. நுட்பத்தில் எவ்வளவு அவர்களுடையது என்று வரலாற்றாய்வாளர்கள் வாதாடுகிறார்கள். குதிகாலால் விதை மூடுவது, உரல், உலக்கை, புல்லில் பின்னிய முறம் இவற்றில் வாதமில்லை. அறுப்புக்குப் பிந்தைய குத்தல்தான் உயிரை எடுத்த வேலை. அரிசி நொறுங்காமல் உமி மட்டும் போகக் குத்த வேண்டும். பகல் வேலைக்கு மேல், விடியுமுன்னும் இருட்டியபின்னும். சார்லஸ்டன் சந்தையில் இன்று விற்கும் கூடைகளில் அந்த முறத்தின் பின்னல் தொடர்கிறது. விலை அதிகம் என்று பேரம் பேசாதீர்கள்.

நெல் வயல் கொசு வயலும்தான். மலேரியாவுக்குப் பயந்து வெள்ளை உரிமையாளர்கள் மே மாதத்திலிருந்து அவ்வாண்டின் முதல் உறைபனிவரை தோட்டத்தைவிட்டு நகரத்திலோ கடற்கரையிலோ இருந்தார்கள். 1708-இலேயே தென் கரோலைனாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை. நாளுக்கு இவ்வளவு என்று, களையெடுப்பில் கால் ஏக்கர், அளந்து கொடுக்கும் முறை. முடித்தால் மீதி நேரம் தமக்கு. குல்லா என்ற இந்த மக்களின் மொழியும் சமையலும் பாட்டும் நிலைத்ததற்கு இந்தத் தனிமையும் இந்த மீதி நேரமும் இடம் கொடுத்தன. மேட்டு நிலத்தில் அவுரி. எலைசா லூகஸ் 1740-களில் அதை நிலைநிறுத்தினார். நெல்லுக்கு ஆகாத நிலம், நெல்வேலை குறைந்த நாட்கள், இரண்டும் வீணாகவில்லை.

சவானாவுக்கு 108 மைல். 1733-இல் ஜார்ஜியாக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஓகல்தார்ப் ஊரை வைத்தது ஆற்றிலிருந்து சுமார் 40 அடி உயர மேட்டில். அடிமை கூடாது, பட்டுப்பூச்சி வளர்ப்போம் என்பது ஜார்ஜியாவை நிர்வகித்த அறங்காவலர்களின் திட்டம். 1735-இல் தடைச் சட்டமும் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் கரோலைனா நெல் விளைந்துகொண்டிருந்தது. ஓதம் இங்கே இன்னும் உயரம், 7 அடி. 1751-இல் தடை நீங்கியது. சில ஆண்டுகளில் இக்கரையிலும் வரப்பு எழுந்தது.

பழைய வயல்களில் சில இப்போது வாத்துகளுக்கான காப்பகம். ஓத நேரம் பார்த்துப் போனால் மதகு வேலை செய்வதைப் பார்க்கலாம்: அதே பலகைப் பெட்டி, அதே இரண்டு தொங்கும் கதவு. ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வரப்பில் நில்லுங்கள். நீளக்கால் உடையும் கொசு மருந்தும் கட்டாயம். வரப்போரம் படுத்திருப்பது கட்டையா முதலையா என்று பார்த்துவிட்டு அடி வையுங்கள்.